மூல ஓலை எங்கே?

புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடி செல்லும் சாலையில் சுமார் இருபது கிலோமீட்டர் சென்றால் திருமயம் வரும். வழிப்போக்கர் கண்ணில் முதலில் படுவது மலைமேல் உள்ள கோட்டை. அது 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சேதுபதிகள் காலத்தில் எழுந்தது. அதைவிட ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு மூத்தவை மலையின் தென்சரிவில் இருக்கின்றன. ஒரே பாறையைக் குடைந்து சிவனுக்கு ஒரு கோயில், திருமாலுக்கு ஒரு கோயில். சத்தியகிரீசுவரரும் சத்தியமூர்த்திப் பெருமாளும் அண்டை வீட்டுக்காரர்கள்.

சிவன் குடைவரையின் சுவரில் பழைய கிரந்த எழுத்தில் ஓர் இசைக் கல்வெட்டு இருந்தது. "இருந்தது" என்றுதான் சொல்ல வேண்டும். அதன் பெரும்பகுதி செதுக்கி அழிக்கப்பட்டுவிட்டது. சுரங்களின் பெயர்களும் "பரிவாதிநிதா" என்ற சொல்லும் போன்ற சில துணுக்குகளே எஞ்சியுள்ளன. பரிவாதினி என்பது ஏழு நரம்பு கொண்ட யாழ் அல்லது வீணை வகை. அழித்த இடத்தின்மேல் பிற்காலத்துத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கிறது. இரண்டு கோயில்களுக்கும் இடையே நிலம், வருவாய் பற்றி நெடுநாளாக இருந்த வழக்கை, கி.பி. 1245-ஐ ஒட்டி, ஹொய்சளத் தண்டநாயகர் அப்பண்ணர் முன்னிலையில் தீர்த்துவைத்த காலத்துச் செய்தி அது. பாண்டியன் மாறவர்மன் சுந்தரபாண்டியனின் ஆட்சியாண்டு அதில் குறிக்கப்பட்டுள்ளது. இசையை இழந்து தீர்ப்பைப் பெற்றோம் என்று வருந்தலாம். அந்தக் காலத்து ஊராருக்கு இசையைவிட நெல் முக்கியமாக இருந்திருக்கும். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

இந்தத் தீர்ப்பு மெய்யானதுதான் என்று நாம் எதைக் கொண்டு நம்புகிறோம்? எழுநூறு ஆண்டுகளுக்கு முன் இறந்துபோனவர்கள் சாட்சி சொல்ல வரமாட்டார்கள். கல்லில் வெட்டியதெல்லாம் உண்மை என்று சட்டமும் இல்லை. கேட்பதற்கு எளிய கேள்வி. ஆனால் 1987-இல் அமெரிக்காவில் "அரசின் பரம இரகசிய ஆவணம்" என்ற பெயரில் எட்டுப் பக்கங்கள் வெளிவந்தபோது, பறக்கும் தட்டு ஆர்வலர்களும் வரலாற்று ஆசிரியர்களும் ஆவணக் காப்பக அலுவலர்களும் மல்லுக்கட்டியது இதே கேள்வியோடுதான். அந்தக் கதைக்குப் போகுமுன் கல்வெட்டு அறிஞர்கள் எப்படிச் சோதிக்கிறார்கள் என்பதைச் சற்றே பார்த்துவிடுவோம். ஏனென்றால் போலி ஆவணத்தைப் பிடிக்கும் கலையில் நம் நாட்டுக்கு அனுபவம் அதிகம்.

கல்வெட்டுக்கு உள்ள முதல் பலம், அது இடம்பெயராமல் இருப்பது. பாறையை உறையில் போட்டு அஞ்சலில் அனுப்ப முடியாது. ஈரத் தாளை எழுத்தின்மேல் ஒற்றி மை தடவி எடுக்கும் மைப்படியில் ஐயம் வந்தால், யார் வேண்டுமானாலும் திருமயம் சென்று மறுபடி எடுத்துப் பார்க்கலாம். 1929-இல் புதுக்கோட்டைச் சமஸ்தானம் தன் எல்லைக்குள் கிடைத்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளின் பாடங்களை அரச மரபு வாரியாக அச்சிட்டது. அச்சில் பிழை இருப்பதாகத் தோன்றினால் மூலம் அங்கேயே நிற்கிறது.

இரண்டாவது, எழுத்தமைதி. தமிழ் எழுத்தும் கிரந்த எழுத்தும் நூற்றாண்டுக்கு நூற்றாண்டு உருமாறி வந்திருக்கின்றன. நம் தாத்தா எழுதிய "லை"யும் நாம் எழுதும் "லை"யும் வேறாக இருப்பதுபோல. ஏழாம் நூற்றாண்டு என்று சொல்லிக்கொள்ளும் ஆவணத்தில் பதினோராம் நூற்றாண்டின் எழுத்து நுழைந்திருந்தால் கதை கந்தல்தான். இந்தச் சோதனை பெரிய பெயர்களையும் விட்டுவைப்பதில்லை. திருமயத்தின் இசைக் கல்வெட்டுக்கு உறவான குடுமியான்மலைக் கல்வெட்டை மகேந்திரவர்ம பல்லவன் வெட்டுவித்தான் என்று நெடுங்காலம் எழுதி வந்தோம். அதில் அவன் பெயர் இல்லை; உருத்திராசாரியாரின் மாணவனான, சிவநெறியில் ஆழ்ந்த ஓர் அரசன் என்பதே அதில் உள்ளது. எழுத்தமைதியையும் அப்பகுதியின் அரசியலையும் பார்த்த பிற்கால ஆய்வாளர் பலர் மகேந்திரனை ஒப்புவதில்லை. கல்வெட்டு மெய்யானது, அதன்மேல் நாம் ஒட்டிய பெயர்ச்சீட்டுதான் ஐயத்துக்குரியது. இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

மூன்றாவது, நாள் கணக்கு. இதில் உலகமே தலைவணங்கும் பெயர் ஒரு தமிழருடையது: எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை (1865–1925). கி.பி. 700 முதல் 1799 வரை ஒவ்வொரு நாளுக்கும் திதி, நட்சத்திரம், கிழமை ஆகியவற்றைக் கணக்கிட உதவும் "இந்தியன் எபிமெரிஸ்" என்ற பெருநூலை அவர் 1922-இல் வெளியிட்டார். நம் அரசர்களின் ஆவணங்கள் பலவற்றில், இத்தனையாவது ஆட்சியாண்டு, இன்ன மாதம், இன்ன பட்சத்துத் திதி, இன்ன கிழமை, இன்ன நட்சத்திரம் என்று வரும். இவை ஒன்றோடொன்று பிணைந்தவை. சித்திரை மாதப் பௌர்ணமி சித்திரை நட்சத்திரத்தை ஒட்டியே வரும்; அதை மூலத்துக்குக் கொண்டுபோக எந்த அரசனாலும் முடியாது. கிழமையை மனம்போனபடி எழுதினால் அது தற்செயலாகப் பொருந்த ஏழில் ஒரு வாய்ப்பே உண்டு. பின்னொரு காலத்தில் உட்கார்ந்து பழைய நாளைக் கற்பிக்கிறவன் பெரும்பாலும் வானத்திடம் மாட்டிக்கொள்வான். ஆனால் ஓர் எச்சரிக்கை: மெய்யான கல்வெட்டுகளிலும் எழுதுவோர் தவறு உண்டு. பஞ்சாங்கம் ஒரு நாள் தள்ளிப் போயிற்று என்பதால் மட்டும் ஆவணத்தைக் குப்பையில் எறிவதில்லை.

செப்பேடுகளின் கதை வேறு. செப்பேடு கையில் எடுத்துச் செல்லக்கூடியது. உரிமையாளனின் பெட்டியில் இருப்பது. நிலத்துக்கு அதுவே பத்திரம். எனவே அங்கே போலி மலிந்தது. கல்வெட்டு அறிஞர் ஜே.எப். பிளீட் 1901-இல் இந்தியப் போலிச் சாசனங்களுக்கு ஒரு நீண்ட பட்டியலே வெளியிட்டார். மேலைக் கங்கர் பெயரில் உள்ளவை அதில் ஏராளம். குடகில் கிடைத்த மெர்க்காராச் செப்பேடு ஆண்டு 388 என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறது. அதைச் சகாப்தமாகக் கொண்டால் கி.பி. 466. எழுத்தோ பல நூற்றாண்டு பிந்தியது. பிளீட் அதைப் போலி என்றார். பழைய ஏடு சிதைந்தபின் மறுபடி எழுதிவைத்த நகலாகவும் இருக்கலாம் என்றவர்களும் உண்டு. பிந்திய எழுத்து என்பது உண்மை. பொய் சொல்லும் எண்ணம் இருந்ததா என்பது தனிக் கேள்வி.

இவை எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது கயைச் செப்பேடு. சமுத்திரகுப்தர் தம் 9-ஆம் ஆட்சியாண்டில் ரேவதிகா என்ற ஊரை ஓர் அந்தணருக்குக் கொடுத்ததாக அது கூறுகிறது. அதில் உள்ள முத்திரையைப் பார்த்தால் மெய்யானதாகவே தோன்றுகிறது. ஆனால் வாசகத்தில் ஒரு வேடிக்கை. அரசரின் பட்டங்களெல்லாம் ஆறாம் வேற்றுமையில் வருகின்றன. கடைசியில் அரசர் பெயர் மட்டும் எழுவாயாக நிற்கிறது. தமிழில் சொன்னால், "பகைவரை வேரறுத்தவனுடைய, ஒப்பற்றவனுடைய, சமுத்திரகுப்தன் ஆணையிடுகிறான்" என்பது போல. எந்த அரசனின் ஓலைநாயகமும் தன் அரசனைப் பற்றி இப்படி எழுதமாட்டான். ஆறாம் வேற்றுமை எங்கிருந்து வந்தது? சமுத்திரகுப்தரின் மகனோ பேரனோ வெளியிட்ட சாசனத்தில் "வேரறுத்தவனாகிய சமுத்திரகுப்தனுடைய மகன்" என்று வரும். அதைப் பார்த்து எழுதியவன் பெயரை மாற்றினான், வேற்றுமை உருபை மாற்ற மறந்தான். 1888-இல் பிளீட் இதைக் காட்டி, வேறொரு மெய்யான ஏட்டிலிருந்து கழற்றிய முத்திரையைப் போலி ஏட்டில் பொருத்தியிருக்கிறார்கள் என்று முடிவு செய்தார். எழுத்துகளில் சில பழமையாகவும் சில புதுமையாகவும் கலந்திருப்பதையும் அவர் சுட்டினார். மெய்யான முத்திரை, பொய்யான வாசகம். இடையில் ரேவதிகாவில் உழுதுகொண்டிருந்தவர்கள் யாருக்கு வாரம் அளந்தார்களோ!

தமிழருக்கு இந்தச் சோதனை புதிதன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரிய புராணத்தில் ஒரு வழக்கை விரிவாகவே காட்டுகிறார். சுந்தரரின் திருமணப் பந்தலுக்கு ஒரு முதியவர் வந்து, "நீ எனக்கு அடிமை, உன் பாட்டன் எழுதிய ஓலை இருக்கிறது" என்கிறார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. அங்கே முதியவர், கிழிபட்டது நகல்தான், மூல ஓலை என்னிடம் உள்ளது என்கிறார். சபையார் அதை வாங்கிப் படித்துவிட்டு உடனே நம்பிவிடவில்லை. பாட்டனார் கைப்பட எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வரவழைத்து, இரண்டு கையெழுத்துகளையும் ஒத்துப் பார்த்தபின்தான் தீர்ப்புச் சொல்கிறார்கள். வந்தவர் இறைவனே என்பது பக்தர்களுக்கு. ஆவணம் ஆராய்வோருக்கு இங்கே கிடைப்பது மூலம் எங்கே என்ற கேள்வியும், எதனோடு ஒப்பிடுவது என்ற கேள்வியும்.

இனி அமெரிக்காவுக்குப் போவோம்.

பிலிம் சுருளில் வந்த இரகசியம்

1984 டிசம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் வாழ்ந்த ஜெய்மி ஷாண்டேரா என்ற தொலைக்காட்சித் தயாரிப்பாளருக்கு அஞ்சலில் ஓர் உறை வந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. நியூ மெக்சிகோவின் ஆல்புகெர்க்கி நகர அஞ்சல் முத்திரை. உள்ளே கழுவப்படாத 35 மில்லிமீட்டர் பிலிம் சுருள் ஒன்று. கழுவிப் பார்த்தபோது எட்டுப் பக்கங்களின் படம். 1952 நவம்பர் 18 தேதியிட்டு, புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட குடியரசுத் தலைவர் ஐசனோவருக்காகத் தயாரித்த இரகசிய விளக்கக் குறிப்பு என்று அது தன்னைச் சொல்லிக்கொண்டது. 1947 ஜூலையில் நியூ மெக்சிகோவில் ராஸ்வெல் அருகே ஒரு பறக்கும் தட்டு விழுந்ததாம். அதில் இருந்தவர்களின் உடல்கள் கிடைத்தனவாம். அதை ஆராய "மெஜஸ்டிக்-12" என்ற பன்னிருவர் குழுவைக் குடியரசுத் தலைவர் ட்ரூமன் அமைத்தாராம். அதற்கு ஆதாரமாக, பாதுகாப்புத் துறைச் செயலர் ஜேம்ஸ் பாரஸ்டலுக்கு 1947 செப்டம்பர் 24-இல் ட்ரூமன் கையெழுத்திட்டு எழுதிய கடிதமும் இணைக்கப்பட்டிருந்தது.

பன்னிருவரும் கற்பனை மனிதர்கள் அல்லர். போர்க்கால விஞ்ஞான ஆராய்ச்சியை நடத்திய வானிவர் புஷ், உளவுத்துறைத் தலைவராயிருந்த ஹில்லன்கோட்டர், விமானப்படைத் தளபதிகள் வேண்டன்பர்க், ட்வைனிங் போன்றோர். ஒருவரும் உயிரோடில்லை. கடைசியாக எஞ்சியிருந்த விமானப் பொறியியல் அறிஞர் ஜெரோம் ஹன்சேக்கர் 1984 செப்டம்பரில் இறந்தார். பிலிம் வந்தது டிசம்பரில். பட்டியலில் இருந்த இன்னொரு பெயர் டொனால்டு மென்சல். ஹார்வர்டு வானாய்வகத்தின் தலைவராயிருந்த வானியலாளர். 1953-இல் பறக்கும் தட்டுகளை மறுத்துப் புத்தகமே எழுதி, வாழ்நாள் முழுதும் அதே கருத்தைச் சொல்லி, 1976-இல் காலமானவர். ஆவணம் மெய்யானால், அவர் உண்மையை அறிந்துகொண்டே உலகத்தை ஏமாற்றியவர் ஆகிறார். தம் பெயர் இப்படி அடிபடும்போது மறுத்துப் பேச அவர் இல்லை. இதை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியாமல் போவது இதனால்தான்.

1987-இல் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஆவணம் வெளியானது. உடனே எழ வேண்டிய கேள்வி சேக்கிழார் சபையின் கேள்வி. மூல ஓலை எங்கே? இல்லை. தாள் இல்லை, மை இல்லை, முத்திரை இல்லை. இருந்தது ஒரு படத்தின் படம். தாளின் வயதையோ மையின் வயதையோ சோதிக்கும் வழியெல்லாம் அடைத்துவிட்டுத்தான் அது வந்தது.

மிச்சமிருந்தது வாசகமும் வடிவமும். பறக்கும் தட்டுக் கதைகளை விடாமல் ஆராய்ந்து வந்த பத்திரிகையாளர் பிலிப் கிளாஸ் முதலில் தேதிகளைப் பிடித்துக்கொண்டார். ஒற்றை இலக்கத் தேதிகளுக்கு முன் ஒரு பூஜ்யம்: "07 ஜூலை", "01 ஆகஸ்டு". மாதத்துக்குப் பின் தேவையற்ற ஒரு காற்புள்ளி. 1952-இன் அமெரிக்க அரசு அலுவலகங்களில் இப்படி எழுதும் வழக்கம் இல்லை. முன்பூஜ்யம் போடுவது கணிப்பொறிக் காலத்துப் பழக்கம். இது எழுத்தமைதிச் சோதனை அல்லாமல் வேறென்ன?

அடுத்து ஆணை எண். ட்ரூமனின் ஆணை 092447 என்று குறிக்கப்பட்டிருந்தது. அமெரிக்கத் தலைவர்களின் ஆணைகள் தொடர் எண் கொண்டவை. 1947 மார்ச்சில் அரசு ஊழியரின் விசுவாசத்தைச் சோதிக்க ட்ரூமன் பிறப்பித்த ஆணையின் எண் 9835. ஆறே மாதத்தில் தொண்ணூற்றிரண்டாயிரம் ஆகிவிட முடியுமா? அது எண்ணே அன்று. ஒன்பதாம் மாதம், 24-ஆம் நாள், 47 என்ற தேதிதான் எண் வேடம் பூண்டு நிற்கிறது.

பிறகு கையெழுத்து. ஒரு மனிதர் ஒரே நாளில் நூறு முறை கையெழுத்திட்டாலும் இரண்டு அச்சாக ஒத்திருப்பதில்லை. கை தசையும் எலும்பும் கொண்டது, அச்சு இயந்திரம் அல்ல. கோடு ஒவ்வொரு முறையும் சற்று நீளும், சற்றுச் சாயும். இரண்டு கையெழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் பொருந்துகின்றன என்றால் ஒன்றைப் பார்த்து இன்னொன்று எடுக்கப்பட்டது என்று பொருள். பாரஸ்டல் கடிதத்தில் இருந்த ட்ரூமன் கையெழுத்து, 1947 அக்டோபர் 1-இல் அவர் வானிவர் புஷ்ஷுக்கு எழுதிய மெய்யான கடிதத்தின் கையெழுத்தோடு அப்படிப் பொருந்தியது. ஒளிநகலில் ஏற்படும் சிறு பெரிதாக்கம்தான் வேறுபாடு. பழைய கடிதத்தில் கையெழுத்தின் ஒரு கோடு தட்டச்சு எழுத்தைத் தொட்டிருந்தது. அதே இடத்தில் புதிய கடிதத்தின் கோடு திருத்தப்பட்டு மெலிந்து காணப்பட்டது. தட்டச்சு எழுத்தின் வடிவமோ 1960-களில் சந்தைக்கு வந்த ஒரு தட்டச்சுப் பொறியினுடையது என்று தட்டச்சு ஆய்வு வல்லுநர் ஒருவர் கூறினார். கயைச் செப்பேடு நினைவுக்கு வருகிறதல்லவா? மெய்யான முத்திரை, பொய்யான ஏடு.

காப்பகத்திலேயே கிடைத்த தாள்

இந்த இடத்தில் எதிர்த்தரப்பு ஒரு வலுவான சீட்டை இறக்கியது. 1985 ஜூலையில் ஷாண்டேராவும் அவருடைய கூட்டாளி வில்லியம் மூரும் வாஷிங்டனில் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில், அப்போதுதான் பொதுப் பார்வைக்குத் திறந்துவிடப்பட்டிருந்த விமானப்படைக் கோப்புகளில் ஒரு தாளைக் கண்டெடுத்தனர். ஐசனோவரின் உதவியாளர் ராபர்ட் கட்லர், தளபதி ட்வைனிங்குக்கு 1954 ஜூலை 14-இல் எழுதிய குறிப்பின் கார்பன் நகல். எம்.ஜே.12 பற்றிய விளக்கம் ஜூலை 16 கூட்டத்தின்போதே நடைபெறும் என்பது செய்தி. இது அஞ்சலில் வந்ததன்று; அரசின் பெட்டியிலேயே இருந்தது. தாளும் உண்டு, தொட்டும் பார்க்கலாம்.

காப்பக அலுவலர்கள் 1987-இல் தாங்களே அதைச் சோதித்தார்கள். அவர்கள் அறிக்கையைப் படித்தால் ஒரு கிராம முன்சீப் பட்டாவைப் புரட்டுவது போன்ற பொறுமை தெரிகிறது. பரம இரகசியத் தாள்களுக்குத் தனிப் பதிவெண் உண்டு, இதில் இல்லை. "பரம இரகசியம்" என்பதோடு இதில் சேர்ந்திருந்த கூடுதல் முத்திரைச் சொற்கள் ஐசனோவர் காலத்தில் வழக்கில் இல்லை. நிக்சன் காலத்தில்தான் வந்தன. கட்லர் அலுவலகம் கார்பன் நகலுக்குப் பயன்படுத்திய மெல்லிய தாளில், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் கழுகுச் சின்னம் ஒன்று நீர்க்குறியாகத் தெரியும், இதில் தெரியவில்லை. ஜூலை 16-இல் தேசியப் பாதுகாப்புக் குழு கூடியதாக நடவடிக்கைப் புத்தகத்தில் பதிவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஜூலை 3 முதல் 15 வரை கட்லர் ஊரிலேயே இல்லை. ஐரோப்பாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் இராணுவ நிலையங்களைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தார். சுவாமிக்கண்ணுப் பிள்ளை கிழமையைக் கொண்டு செய்ததை இவர்கள் பயண நாட்குறிப்பைக் கொண்டு செய்தார்கள்.

அப்படியானால் தாள் எப்படிப் பெட்டிக்குள் போயிற்று? காப்பகத்தில் நுழைவோர் எதையும் வெளியே கொண்டுபோகாமல் காவல் காப்பார்கள். உள்ளே எதையாவது வைத்துவிட்டுப் போகக்கூடும் என்று யாரும் நினைப்பதில்லை. வைத்தவர் யார் என்பது வெளிப்படவே இல்லை.

ஆவணத்தை ஆதரித்தவர்களில் அணு இயற்பியலாளர் ஸ்டாண்டன் பிரீட்மன் முக்கியமானவர். அவர் வெறுங்கையோடு வாதாடவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். மென்சல் பல ஆண்டுகள் அரசின் சங்கேதத் துறைக்கு இரகசியமாக உதவியவர் என்பதை அவர்தான் பழைய கடிதங்களிலிருந்து தோண்டி எடுத்தார். 1947 செப்டம்பர் 24-இல் புஷ்ஷும் பாரஸ்டலும் ட்ரூமனைச் சந்தித்ததையும், 1952 நவம்பர் 18-இல் ஐசனோவருக்கு இராணுவ விளக்கம் தரப்பட்டதையும் காட்டினார். கட்லர் வெளியூரில் இருந்தால் அவர் பெயரில் உதவியாளர் அனுப்பியிருக்கலாமே என்றார். கேட்கத்தக்க வாதங்கள்தாம். ஆனால் நாள் பொருந்துவதற்கு இரண்டு காரணம் இருக்கலாம்: ஆவணம் மெய்யாக இருப்பது ஒன்று, எழுதியவன் பழைய பத்திரிகைகளையும் நூலகத்தையும் புரட்டிப் பாடம் படித்திருப்பது மற்றொன்று. ஒரு பொருத்தத்தால் இரண்டில் எதையும் தீர்மானிக்க முடியாது. பொருந்தாதது ஒன்று வந்தால் மட்டுமே நிலைமை மாறும். இங்கே பொருந்தாதவை ஒன்றல்ல. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு பத்திரத்துக்கு ஏழு ஒட்டுப் போட வேண்டியிருந்தால், வாங்குபவன் வேறு வீடு பார்ப்பான்.

ஒப்பிடும் பொருளே கெட்டுப் போவதும் உண்டு. 1983 ஏப்ரலில் மேற்கு ஜெர்மனியின் "ஷ்டெர்ன்" வார இதழ் ஹிட்லரின் நாட்குறிப்புகள் கிடைத்துவிட்டன என்று அறிவித்தது. கையெழுத்து வல்லுநர்கள் "ஹிட்லருடையதே" என்று சான்றளித்தார்கள். அவர்களிடம் ஒப்பிடக் கொடுத்த மாதிரிகளில் சில, அதே போலிக்காரரான கொன்ராட் கூயாவ் எழுதியவை! பொய்யைப் பொய்யோடு வைத்துப் பார்த்தால் பொருந்தாமல் என்ன செய்யும்? கூட்டரசு ஆவணக் காப்பகம் தாளைப் புற ஊதா ஒளியில் வைத்தபோது, போருக்குப் பின்பே காகிதத்தில் சேர்க்கப்பட்ட வெண்மையூட்டும் வேதிப்பொருள் பளிச்சிட்டது. இரண்டே வாரத்தில் கதை முடிந்தது. மூலத் தாள் கையில் இருந்ததால் அத்தனை விரைவு.

மெய்யான தாள், ஐயமான செய்தி

இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். இரகசிய ஆவணம் முற்றிலும் மெய்யாக இருந்தும், அதில் உள்ள செய்தி நாம் நினைப்பதாக இல்லாமல் போகலாம். அதற்கு எடுத்துக்காட்டு நம் எல்லையிலேயே கிடைக்கிறது. அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ. 1968 ஏப்ரலில் தயாரித்து, பின்னாளில் தானே வெளியிட்ட ஓர் அறிக்கை உண்டு. அவ்வாண்டு பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தென் லடாக், வடகிழக்கு நேபாளம், வட சிக்கிம், மேற்குப் பூட்டான் ஆகிய இடங்களில் வானில் ஒளிரும் பொருள்கள் காணப்பட்டதாகவும், இடிபோன்ற ஓசை கேட்டதாகவும், நேபாளத்தில் போக்ராவுக்கு அருகே ஒரு பள்ளத்தில் உலோகத் தட்டு ஒன்று கிடந்ததாகவும் அதில் இருக்கிறது. தாள் மெய், முத்திரை மெய், வெளியிட்ட இடமும் மெய். ஆனால் அது சொல்வதெல்லாம், "இன்னின்னார் இப்படிக் கண்டதாகச் சொன்னார்கள்" என்பதே. வேற்றுலகக் கப்பல் என்று அந்தத் தாள் எங்கும் சொல்லவில்லை. ராக்கெட்டின் எரிந்த பாகம் வளிமண்டலத்தில் நுழைந்து விழும்போதும் ஒளிக்கோடும் ஓசையும் உலோகத் துண்டும்தான் மிஞ்சும்.

அதே லடாக்கில் 2012–13 குளிர்காலத்தில், ஏரிக்கு மேலே நாள்தோறும் தோன்றி மறையும் ஒளிப்பொருள்களை நம் இராணுவ வீரர்கள் மாதக்கணக்கில் எண்ணிக் குறித்து வைத்தார்கள். எல்லைக்கு அப்பாலிருந்து வரும் உளவு விமானங்களோ என்பது கவலை. 2013-இல் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் வானியலாளர்கள் அந்தக் குறிப்புகளை ஆராய்ந்து, அவை வெள்ளியும் வியாழனும் என்று தெரிவித்தார்கள். வீரர்களின் குறிப்பேடு பொய்யல்ல. நேரமும் திசையும் சரியாக எழுதியிருந்ததால்தான் கோள்களை அடையாளம் காண முடிந்தது. குடுமியான்மலையைப் போல, பெயர்ச்சீட்டுதான் மாறிப்போயிருந்தது.

இவ்வளவும் சொன்னபின், "அரசாங்கம் எதையும் மறைக்கவே இல்லையா?" என்று கேட்பீர்கள். மறைத்தது. 1947-இல் ராஸ்வெல் அருகே விழுந்தது வானிலைப் பலூன் என்று இராணுவம் அறிவித்தது முழு உண்மையன்று. 1994-இல் அமெரிக்க விமானப்படை வெளியிட்ட அறிக்கைப்படி, அது "மோகுல்" என்ற பரம இரகசியத் திட்டத்தின் பலூன் தொடர். சோவியத் நாடு அணுகுண்டு வெடித்தால் அந்த ஒலி அலையை மிக உயரத்திலிருந்து கேட்டறிய வேண்டும் என்பது திட்டம். நியூயார்க் பல்கலைக்கழகக் குழுவொன்று நியூ மெக்சிகோவிலிருந்து அந்தப் பலூன்களை ஏவியது. நாற்பத்தேழு ஆண்டு மூடிவைத்த இந்தச் சின்ன உண்மைதான், பின்னால் வந்த பெரிய பொய்க்கு நிலம் உழுது கொடுத்தது. "ஒன்றை மறைத்தவர்கள் எல்லாவற்றையும் மறைப்பார்கள்" என்று மக்கள் எண்ணினால் அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

மெஜஸ்டிக்-12 ஆவணம் 1988-இல் அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறையான எப்.பி.ஐ.யின் கைக்கும் வந்தது. இரகசியத் தாள் கசிந்துவிட்டதோ என்று பயந்து விமானப்படையின் புலனாய்வுப் பிரிவிடம் கேட்டார்கள். அப்படியொரு குழு எக்காலத்திலும் அமைக்கப்படவில்லை, ஆவணம் முழுப் போலி என்று பதில் வந்தது. எப்.பி.ஐ. அலுவலர்கள் பக்கங்களின் குறுக்கே தடித்த எழுத்தில் "போலி" என்று எழுதிக் கோப்பில் கட்டி வைத்தார்கள். அந்தக் கோப்பு இப்போது பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அரசுக் கோப்பில் இடம்பெற்றுவிட்டதால் அந்தப் பக்கங்களும் இப்போது ஒரு வகையில் மெய்யான அரசு ஆவணங்கள். "எப்.பி.ஐ.யே வெளியிட்ட இரகசிய ஆவணம்" என்று சொல்லி அவற்றைக் கைமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், குறுக்கே எழுதிய அந்த ஒரு சொல்லை மட்டும் அவர்கள் வாசித்துக் காட்டுவதில்லை.